ஏதென்சு நகரத்து ஆந்தைக் குஞ்சு



புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரைக் (1820–1910) 'கைவிளக்கேந்திய காரிகை' என நம் மாணவர்கள் நன்கறிவர். கிரைமியப் போர், ஸ்குட்டாரி மருத்துவமனை, நள்ளிரவில் கையிலொரு விளக்கு. அத்துடன் பாடம் நிறைவுறும். அவ்விளக்கை ஏந்துவதற்கு முன்னர் அவர் தம் சட்டைப்பையில் ஓர் ஆந்தையைச் சுமந்து திரிந்த வரலாற்றைப் பாடநூல்களில் காண்பது அரிது. அவ்வரலாற்றையே ஈண்டுக் கூற விழைகிறேன்.

அம்மையாருக்கு அப்போது அகவை முப்பது. செவிலியர் பணியே தம் வாழ்வு என்று அவர் உறுதிகொண்டிருந்தார். செல்வக் குடும்பத்துப் பெண் மருத்துவமனைக்குச் செல்வது இழுக்கென்று வீட்டார் தடுத்தனர். மனம் நொந்திருந்த அவரைப் பிரேஸ்பிரிட்ஜ் இணையர் 1849ஆம் ஆண்டின் இறுதியில் எகிப்துக்கும், அங்கிருந்து கிரேக்க நாட்டுக்கும் அழைத்துச் சென்றனர்.

1850ஆம் ஆண்டு ஏதென்சில், பார்த்தெனான் கோயிலின் இடிபாடுகளில் இருந்த கூட்டிலிருந்து பஞ்சுபோன்ற ஆந்தைக் குஞ்சொன்று கீழே விழுந்து, சிறுவர்கள் கையில் அகப்பட்டு வதைபட்டது. அதனைக் கண்ட அம்மையார் சிறு காசு கொடுத்துக் குஞ்சை மீட்டார். அதற்கு 'அதீனா' என்று பெயரிட்டார். பொருத்தமான பெயரே. அக்கோயில் அதீனா என்னும் அறிவுத் தெய்வத்துக்கு உரியது. ஆந்தை அத்தெய்வத்தின் பறவை. பண்டை ஏதென்சின் வெள்ளிக் காசுகளில் ஒருபுறம் அதீனாவின் முகமும் மறுபுறம் ஆந்தையும் பொறிக்கப்பட்டிருந்தன. கொல்லன் தெருவில் ஊசி விற்பதாக நாம் சொல்வதுபோல, ஏதென்சுக்கு ஆந்தை கொண்டுபோவதாகக் கிரேக்கர்கள் சொல்வதுண்டு. நம் அம்மையாரோ ஏதென்சிலிருந்தே ஆந்தையைக் கொண்டுபோனார்! நைட்டிங்கேல் என்பதும் ஒரு பறவையின் பெயர்தான் என்பதை மாணவர்களிடம் சொன்னால் மகிழ்வார்கள்.

அவர் எடுத்தது சிற்றாந்தை. முழு வளர்ச்சி அடைந்தாலும் ஏறத்தாழ 22 செண்டிமீட்டர் உயரமே. தமிழகத்து ஊர்ப்புறங்களில் மரப்பொந்திலும் பாழ்ஞ்சுவரிலும் வாழும் புள்ளி ஆந்தை இதன் நெருங்கிய உறவு. அறிவியலார் இவ்வினத்துக்கு 1822ஆம் ஆண்டிலேயே 'அதீனி' என அதே தெய்வத்தின் பெயரைச் சூட்டியிருந்தனர்.

திரும்பும் வழியில் அம்மையாரிடம் வேறு சில உயிர்களும் இருந்தன. இரண்டு ஆமைகள், பிளேட்டோ என்று பெயரிடப்பட்ட ஒரு சில்வண்டு. பிராகா நகரில் அதீனா பிளேட்டோவை விழுங்கிவிட்டது. சிற்றாந்தைக்குப் பூச்சியும் வண்டுமே விருப்பமான இரை. ஆதலால் அதனைக் குறைகூற இயலாது. 1850 ஆகஸ்டு 21ஆம் நாள் அம்மையார் முன்னறிவிப்பின்றி டார்பிஷயரில் இருந்த தம் இல்லத்துள் நுழைந்தபோதும் ஆந்தை அவருடைய சட்டைப்பையில்தான் இருந்தது.

அதன் பின் அதீனா முற்றிலும் வீட்டுப் பறவை ஆயிற்று. அம்மையாரின் விரலில் அமர்ந்து உணவு பெறும். பின்பு மேசைமீது குனிந்து நிமிர்ந்து வணக்கமும் செய்யும். வீட்டார் அதை மரியாதை என்று கண்டு களித்தனர். உண்மையில், ஐயுறும்போது உடலைத் தாழ்த்தி உயர்த்துவது சிற்றாந்தைகளின் இயல்பு.

அன்று பலருக்கும் புலப்படாத ஒன்றை இன்று பறவை ஆய்வாளர்கள் தெளிவாகச் சொல்கிறார்கள். சிற்றாந்தைக் குஞ்சுகள் பிறந்து ஏறத்தாழ ஒரு மாதத்தில், நன்கு பறக்கத் தெரியுமுன்னரே, கூட்டைவிட்டு வெளிவந்துவிடும். தரையில் தனித்திருக்கும் குஞ்சு கைவிடப்பட்டதன்று. இருட்டியதும் தாயும் தந்தையும் இரையோடு வரும். நகத்தாலும் அலகாலும் பற்றிக் குஞ்சு தானே மேலேறவும் வல்லது. பூனையோ நாயோ வண்டியோ அச்சுறுத்தினால், தடித்த துணியால் மெல்லப் பற்றி, அருகிலுள்ள கிளையில் வைத்து விலகிவிடுவதே போதும். மனிதர் தொட்ட குஞ்சைத் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் நம்பிக்கை. பாலும் நீரும் புகட்டலாகாது. காயம்பட்டிருந்தால் மட்டும் வனவிலங்குத் துறையினரை நாடவேண்டும்.

அம்மையார் செய்தது தவறென்று நான் சொல்லவில்லை. அச்சிறுவர்களிடம் விட்டிருந்தால் அன்றே அது மாண்டிருக்கும். ஆயினும் பாறை இடுக்கில் திரும்ப வைத்திருக்கலாமே என்னும் எண்ணம் எழாமலில்லை. பையில் வளர்ந்த பறவைக்கு வேட்டையாடக் கற்பிக்க எவரும் இல்லை.

அதன் விளைவு 1854இல் தெரிந்தது. கிரைமியாவிலிருந்து துயரச் செய்திகள் வர, அம்மையாருக்கு அழைப்பு வந்தது. 38 செவிலியரைத் திரட்டும் பரபரப்பில் வீடே ஆழ்ந்திருந்தது. ஆந்தையைப் பரணில் விட்டால் எலிகளைத் தின்று பிழைத்துக்கொள்ளும் என்று வீட்டார் கருதினர் என்பர். அதீனாவோ மனிதர் கையால் உண்டு பழகியது. அம்மையார் புறப்படுவதற்குள் அது இறந்துவிட்டது. உயிரற்ற உடலைக் கையில் வாங்கிய அவர் கண்ணீர் விட்டதாகக் குடும்பத்தார் பதிவு செய்துள்ளனர். அக்டோபர் 21ஆம் நாள் அவர் போர்க்களம் நோக்கிப் பயணமானார்.

மறு ஆண்டு அவர் அங்கே காய்ச்சலில் விழுந்து மெல்லத் தேறிவந்தபோது, தமக்கை பார்த்தெனோப் அதீனாவின் வாழ்க்கையைச் சிறு நூலாக எழுதி, படங்களும் வரைந்து தந்தார். பாடம் செய்யப்பட்ட ஆந்தையின் உடல் இலண்டன் புனித தாமஸ் மருத்துவமனை வளாகத்திலுள்ள நைட்டிங்கேல் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது.