இணையத்தோட பெயர்ப் பட்டியல் யார் கையில?

போன எபிசோடுல ஐபி முகவரின்னா என்னன்னு பார்த்தோம். நெட்வொர்க்ல இருக்கிற கணினிகள் ஒண்ணையொண்ணு கண்டுபிடிக்கிறது எண்ணை வெச்சுத்தான். ஆனா நமக்கு எண் ஞாபகம் நிக்காது. ஃபோன்ல "அம்மா"ன்னு சேவ் பண்ணி வெச்சிருக்கோம், திடீர்னு நம்பரைக் கேட்டா முழிக்கிறோம் இல்லையா, அதே கதைதான். பெயரைச் சொன்னா எண்ணைத் தேடித் தர்ற ஏற்பாட்டுக்குப் பேர் டிஎன்எஸ், அதாவது டொமைன் நேம் சிஸ்டம். இன்னைக்கு அதோட வரலாறு.

1970கள்ல, இணையத்துக்கு முன்னோடியா ஆர்பாநெட் இருந்தது. அமெரிக்க ராணுவத்துறையோட நிதியில பல்கலைக்கழகங்களையும் ஆய்வுக்கூடங்களையும் இணைச்ச நெட்வொர்க் அது. அதுல இருந்த எல்லாக் கணினிகளோட பெயரும் எண்ணும் ஒரே ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல இருந்தது. ஃபைலோட பேர் ஹோஸ்ட்ஸ் டாட் டிஎக்ஸ்டி. கலிஃபோர்னியாவுல மென்லோ பார்க்ல இருந்த எஸ்ஆர்ஐ நிறுவனத்துல, எலிசபெத் ஃபைன்லர்ங்கிறவங்க தலைமையில ஒரு குழு அதைப் பராமரிச்சது. அவங்களை எல்லாரும் ஜேக்னுதான் கூப்பிடுவாங்க. புதுசா ஒரு கணினியைச் சேர்க்கணும்னா ஆபீஸ் நேரத்துல அவங்களுக்கு ஃபோன் பண்ணணும், இல்லேன்னா மெயில் அனுப்பணும். அவங்க பட்டியல்ல ஒரு வரி சேர்ப்பாங்க. மத்த கணினிகள் அப்பப்போ அந்த ஃபைலை டவுன்லோடு பண்ணிக்கும்.

இது எங்க சிக்கலாச்சுன்னு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 கணினிகள் இருந்தா பட்டியல்ல 100 வரி. அதை 100 கணினிகளும் இறக்கினா மொத்தம் 10,000 வரி பயணிக்குது. கணினிகள் 200 ஆனா? 40,000 வரி. எண்ணிக்கை ரெண்டு மடங்கானா சுமை நாலு மடங்காகுது. இப்படியே போனா பட்டியலைச் சுமக்கவே நெட்வொர்க் பத்தாது.

1983ல, தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வு நிறுவனத்துல வேலை பார்த்த பால் மோக்கபெட்ரிஸ் இதுக்கு ஒரு வழி சொன்னார். பட்டியலை ஒரே இடத்துல வைக்காம கிளை கிளையா பிரிச்சுக் கொடுத்துடலாம்னார். அதுதான் டிஎன்எஸ். டிஎன்பிஎஸ்சி டாட் கவ் டாட் இன்-னு டைப் பண்றீங்கன்னு வெச்சுக்குவோம். தேடல் வலது பக்கத்துல இருந்து தொடங்கும். "இன்" யார் பொறுப்புன்னு ரூட் சர்வர் சொல்லும். "கவ்" எங்கேன்னு அவங்க சொல்லுவாங்க. அப்படியே ஒவ்வொரு படியா இறங்கி, கடைசியில அந்தத் தளத்தோட எண் கிடைக்கும். தன் கிளையை மட்டும் அவங்கவங்க பார்த்துக்கிட்டா போதும்.

ஆனா எல்லாக் கிளைக்கும் ஒரு வேர் இருக்கே! எந்தெந்த நாட்டு முடிவெழுத்து செல்லும்னு சொல்ற உச்சிப் பட்டியல் அது. அதுல இருந்து ஒரு நாட்டோட வரியை அழிச்சுட்டா, அந்த நாட்டுத் தளங்களைப் பெயர் சொல்லித் தேடவே முடியாமப் போயிடும். 1990கள்ல அமெரிக்க அரசோட ஒப்பந்தத்துல ஒரு தனியார் நிறுவனம் அந்தப் பட்டியலை வெச்சிருந்தது. மத்த ரூட் சர்வர்கள் அங்கிருந்து நகல் எடுத்துக்கும்.

1998 ஜனவரி 28. ஆர்பாநெட் காலத்துல இருந்தே இணையத்தோட எண்களை ஒதுக்கிக்கிட்டு இருந்தவர் ஜான் போஸ்டல். அவர் எட்டு ரூட் சர்வர்களை நடத்துறவங்களுக்கு மெயில் அனுப்பினார்: இனிமே என் சர்வர்ல இருந்து நகல் எடுங்கன்னு. எட்டுப் பேரும் அப்படியே செஞ்சாங்க. பட்டியல் மாறாததால பயனர்களுக்கு எதுவும் தெரியலை. வெள்ளை மாளிகை அதிகாரி ஐரா மேகஸினர் தலையிட்டு, பழையபடி மாத்தச் சொன்னார். இது வெறும் சோதனைதான்னு போஸ்டல் சொன்னார், மாத்தியும் கொடுத்தார். அதே வருஷம் ஐகான்-ங்கிற அமைப்பு உருவாச்சு. அது தொடங்கின சில வாரத்துல, அக்டோபர்ல, போஸ்டல் காலமானார். ஐகான் மேல இருந்த அமெரிக்க அரசோட மேற்பார்வை முடிய 2016 ஆச்சு.

நமக்கும் இதுல ஒரு பங்கு உண்டு. 2010லயும் 2011லயும் டாட் இலங்கை, டாட் இந்தியா, டாட் சிங்கப்பூர்னு தமிழ் எழுத்துலயே மூணு பெயர்கள் வேர்ப் பட்டியல்ல சேர்ந்தது. ஒவ்வொண்ணுக்கும் அந்தந்த நாடு விண்ணப்பிச்சு ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது. ஜேக்குக்கு ஃபோன் பண்ணி ஒரு வரி சேர்த்த காலம் போயிடுச்சு, ஆனா வரியைச் சேர்க்க யாரையாவது கேட்கணும்ங்கிறது மட்டும் மாறலை.

உங்க லேப்டாப்ல இன்னமும் "ஹோஸ்ட்ஸ்"னு ஒரு குட்டி ஃபைல் இருக்கும். அந்தப் பழைய பட்டியலோட வாரிசு அதுதான். தேடித் திறந்து பாருங்க, மாத்திட மட்டும் வேண்டாம். அடுத்த எபிசோடுல ரவுட்டர்.