டொக்டர் மேரி இரட்ணம்: ஒன்ராறியோவிலிருந்து கொழும்புக்கு

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிறந்து வளர்ந்த எங்களிற் பலர் இன்று கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வாழ்கிறார்கள். 1896 ஆம் ஆண்டில் அதே மாகாணத்திலிருந்து ஓர் இளம் பெண் வைத்தியர் இலங்கைக்குக் கப்பலேறினார். பின்னர் கொழும்பையே தமது ஊராக்கிக்கொண்ட அவரை, அங்குள்ள சகோதரிகளும் இங்குள்ள சகோதரிகளும் ஒருங்கே நினைவுகூர இந்த நூற்றாண்டு மலர் நல்ல சந்தர்ப்பம்.

மேரி ஹெலன் ஏர்வின் 1873 ஜூன் 2 ஆம் திகதி பிறந்தவர். ரொறன்ரோவில் மருத்துவம் பயில விரும்பிய பெண்களுக்காக 1883 இல் தனிக் கல்லூரியொன்றே தொடங்கவேண்டியிருந்த காலம் அது. படிப்பை முடித்த மேரியை அமெரிக்க மிஷன் இலங்கைக்குத் தெரிவுசெய்தது. அக்காலத்தில் யாழ்ப்பாணப் பெண்கள் ஆண் வைத்தியரிடம் உடலைக் காட்டக் கூசி, பிரசவத்திலும் நோயிலும் வீட்டுக்குள்ளேயே உயிரை விட்டார்கள். இணுவிலில் பெண்களுக்கென ஒரு வைத்தியசாலையை உருவாக்க மிஷன் முயன்றுகொண்டிருந்தது. பெண் வைத்தியரின் தேவை அவ்வளவு பெரிதாக இருந்தது.

ஆனால் மேரி, எஸ். சி. கே. இரட்ணம் என்ற தமிழ்க் கிறிஸ்தவரைத் திருமணம் செய்ய முடிவெடுத்தார். மிஷன் அதை ஏற்கவில்லை. தமிழருக்கு வேதம் கற்பிக்கலாம், மருந்து கொடுக்கலாம், அவர்களில் ஒருவரை மணக்க மட்டும் கூடாது என்பதே அன்றைய மனநிலை. மேரி தமது முடிவை மாற்றவில்லை. மிஷன் பதவி போயிற்று. தம்பதியர் கொழும்பில் குடியேறினர். மேரி சிறிது காலம் லேடி ஹவ்லொக் பெண்கள் வைத்தியசாலையில் பணியாற்றியபின், தனியாக வைத்தியம் செய்யத் தொடங்கினார். அவரிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

மருந்து கொடுத்து அனுப்பினால் மட்டும் போதாது என்பதை அவர் கண்டுகொண்டார். பாடசாலைகளுக்கான சுகாதார நூலை எழுதினார். பெண்களைச் சங்கங்களாகக் கூட்டினார். 1909 இல் தோன்றிய தமிழ்ப் பெண்கள் சங்கத்தின் தொடக்கத்திலும் அவருக்குப் பங்குண்டு.

அவரது மிகப் பெரிய பணிக்கு வித்து அவர் பிறந்த மாகாணத்திலேயே இருந்தது. அடெலெய்ட் ஹூட்லெஸ் என்பவர் ஒன்ராறியோவில் ஒரு கமக்காரக் குடும்பத்தில் வளர்ந்த பெண். 1889 இல் அவரது கைக்குழந்தை இறந்தது. அசுத்தமான பாலே காரணம் என்று நம்பிய அவர், தாய்மாருக்குச் சுகாதார அறிவு வேண்டுமென்று ஊரூராகப் பேசினார். அதன் பயனாக 1897 இல் ஸ்டோனி கிறீக் என்ற இடத்தில் கமக்காரப் பெண்களின் முதலாவது மாதர் சங்கம் பிறந்தது. இந்த அமைப்பை முன்மாதிரியாகக் கொண்டே 1930 இல் டொக்டர் மேரி லங்கா மஹிலா சமிதியைத் தொடக்கினார். கிணற்றைச் சுத்தமாக வைத்தல், மலசலகூடம், குழந்தை வளர்ப்பு, வீட்டுத் தோட்டம், கைத்தொழில் என்பவற்றைக் கிராமப் பெண்கள் கூடிக் கற்றார்கள்.

அதன் அவசியத்தை 1934-35 மலேரியாக் கொள்ளைநோய் நாட்டுக்கே காட்டியது. மழை பொய்த்துக் களனி கங்கை முதலிய ஆறுகள் வற்ற, தேங்கிய குட்டைகளில் நுளம்பு பெருகியது. சுமார் 80,000 பேர் மாண்டார்கள். பசியால் மெலிந்திருந்த குழந்தைகளே அதிகம் பலியானார்கள். கொயினா கொடுத்தும், உணவில்லாத உடலைக் காப்பது கடினமாயிற்று.

பெண்களின் அரசியல் உரிமைக்கும் அவர் உழைத்தார். 1927 இல் அமைந்த பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தில் முன்னின்றார். 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மட்டும் வாக்குரிமை என்று டொனமூர் ஆணைக்குழு பரிந்துரைத்தது. முடிவில் 1931 இல் ஆண்களைப் போலவே 21 வயதுப் பெண்களுக்கும் அது கிடைத்தது. 1937 இல் கொழும்பு மாநகர சபையின் முதற் பெண் உறுப்பினராக மேரி தெரிவானார். 1958 இல், 85 ஆவது வயதில், ரமொன் மக்சைசை விருது பெற்றார். 1962 இல் காலமானார்.

ஒரு வைத்தியராக நான் நாளாந்தம் ஆய்வுகூட அறிக்கைகளைப் பார்க்கிறேன். நெருப்புக்காய்ச்சலா, இரத்தச் சோகையா என்று அந்தத் தாள் சொல்லிவிடும். அந்த வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அந்தத் தாய் கடைசியாகச் சாப்பிடுகிறாளா என்பதெல்லாம் அதில் இராது. டொக்டர் மேரி அதைத் தேடித்தான் வைத்தியசாலைக்கு வெளியே போனார்.

அந்நிய நாடுகளில் வாழும் சகோதரிகளுக்கும் அவர் வாழ்வு ஒன்றைச் சொல்கிறது. போன இடத்தில் வேரூன்றி, அந்த மண்ணின் பெண்களோடு பெண்ணாக உழைக்கலாம். பிறந்த ஊரில் கற்ற நல்லதை அங்கே நடலாம். கொழும்பிலிருக்கும் எங்களுக்கோ வேலை பக்கத்திலேயே இருக்கிறது. கொட்டாஞ்சேனையின் தோட்டக் குடியிருப்பொன்றில் தாய்மாருக்காக மாதம் ஒரு சுகாதார வகுப்பை எங்கள் சங்கம் நடத்தலாம். நூற்றாண்டின் நினைவாக அதை இந்த ஆண்டிலேயே தொடங்குவோமாக.