குட்டி ராஜாவும் பனிமேல் ஓடும் படகும்

நார்வேக்காரன் காலில் ஸ்கியோடதான் பிறக்கிறான்னு இந்த ஊர்ல பெருமையா சொல்லிக்குவாங்க. சரி, ஸ்கி போடத் தெரியாத வயசுல அந்தப் பிள்ளைகளை எப்படித் தூக்கிட்டுப் போனாங்க? ஒரு வாரமா இதுதான் மண்டையைக் குடையுது. ஆபீஸ்ல ஆணி புடுங்கற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் இதையேதான் படிச்சுக்கிட்டிருக்கேன்.

காரணம் இருக்கு. ஓஸ்லோவுக்கு வந்து இது மூணாவது குளிர்காலம். வீட்டுல ஒன்றரை வயசு வாண்டு. காட்டுப்பாதையில சறுக்கிக்கிட்டே நடக்கிற ஸ்கி எனக்கும் தங்கமணிக்கும் ஓரளவு கைவந்தாச்சு. மலை உச்சியிலேருந்து சர்ருன்னு இறங்கறது வேற ஆட்டம், அது நமக்கு வேண்டாம். இப்போ பிள்ளையையும் கூட்டிட்டுப் போகணும். முதுகுப் பையில வச்சுக்கறதா, பனிமேல இழுக்கிற புல்க் வாங்கறதா, சக்கர வண்டியைக் கழட்டி ஸ்கி மாட்டறதா? இதுல வீட்டுக்குள்ள ரெண்டு கட்சி. எந்தச் சாமான் வாங்கப் போனாலும் அதோட பூர்வீகத்தைத் தோண்டறது என் வியாதி. தோண்டினதுல கிடைச்சது கீழே.

இந்த நாட்டுல ஸ்கியும் குழந்தையும்னு சொன்னா எல்லாருக்கும் ஞாபகம் வர்றது ஒரே ஓவியம்தான். 1869ல் க்னூட் பெர்க்ஸ்லீன் வரைஞ்சது. கொட்டற பனியில ரெண்டு வீரர்கள் ஸ்கியில பறக்கிறாங்க, ஒருத்தர் கையணைப்புல ஒரு குழந்தை. அந்தக் குழந்தைதான் ஹோகோன் ஹோகோன்சன். கதை நடந்தது 1206ம் வருஷக் குளிர்காலத்துல. நார்வேயில அப்போ நூறு வருஷத்துக்கு மேல நீண்ட உள்நாட்டுச் சண்டை. ஒரு பக்கம் பிர்க்கெபெய்னர்கள். காலுக்கு நல்ல தோல் உறை வாங்க வக்கில்லாம பூர்ச்ச மரப்பட்டையைச் சுத்திக்கிட்டவங்கன்னு எதிராளிங்க வச்ச கேலிப் பெயர் அது, அப்புறம் அதுவே கௌரவப் பெயராயிடுச்சு. இன்னொரு பக்கம் பேக்லர் கட்சி. பிர்க்கெபெய்னர்களின் ராஜா 1204 தொடக்கத்துல செத்துப்போனார். அவர் செத்த பிறகு இங்கா என்ற பெண்ணுக்குப் பிறந்தவன்தான் ஹோகோன். வாரிசுன்னு தெரிஞ்சா பேக்லர்கள் விட்டுவைப்பாங்களா? அதனால டோர்ஸ்டெய்ன் ஷெவ்லா, ஷெர்வால்ட் ஸ்க்ருக்கான்னு ரெண்டு பேர், ஸ்கியில கில்லாடிகள், லில்லஹாம்மர்லேருந்து மலையைத் தாண்டி ஓஸ்டர்டாலன் பள்ளத்தாக்குக்குப் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்த்தாங்க. அந்தப் பிள்ளை 1217ல் ராஜாவாகி 1263 வரைக்கும் ஆண்டார். உள்நாட்டுச் சண்டை முடிவுக்கு வந்ததும் அவர் காலத்துலதான்.

இங்காவைப் பத்தி ஒரு வார்த்தை. இவன் ராஜாவுக்குப் பிறந்த பிள்ளைதான்னு நிரூபிக்க 1218ல் அந்தம்மா பழுக்கக் காய்ச்சின இரும்பைக் கையில ஏந்த வேண்டியிருந்தது. ஸ்கி ஓட்டின ரெண்டு பேருக்குப் படம், பந்தயம், சிலை எல்லாம் கிடைச்சது. எனக்கு என்னவோ பெரிய சாகசம் இந்த அம்மா பண்ணினதுதான்னு தோணுது.

பந்தயம்னு சொன்னேனே, 1932லேருந்து ரேனாவுக்கும் லில்லஹாம்மருக்கும் நடுவுல நடக்குது, 54 கிலோமீட்டர். அந்தக் குழந்தையோட ஞாபகமா ஒவ்வொருத்தரும் முதுகுல 3.5 கிலோ மூட்டை சுமக்கணும். மூணரை கிலோ! பிறந்த குழந்தையே அவ்வளவு இருக்குமேய்யா. ஒன்றரை வயசு ஹோகோன் எப்படியும் பத்து கிலோ இருந்திருப்பான். எங்க வீட்டு ஹோகோனி குளிர்கால உடுப்போட பன்னிரண்டைத் தொடறா.

கணக்கு இடிக்கிற இடம் இதுதான். பன்னிரண்டு கிலோவை முதுகுல ஏத்தினா உடம்போட மொத்தப் பாரமும் மேலே போயிடுது. ஸ்கியில ஒரு சின்ன மேடு தட்டினாலே நாம விழறது சகஜம். தனியா விழுந்தா சிரிச்சுக்கிட்டே எழுந்திரிக்கலாம். முதுகுல பிள்ளை இருந்தா அது விழறது நம்ம தோள் உயரத்துலேருந்து. ஓவியம் அழகுதான், ஆனா அந்த ரெண்டு பேர் நாட்டுலேயே தேர்ந்த ஆட்கள், துரத்தறவன் கையில கத்தி. நமக்கு ரெண்டும் கிடையாது.

ஆனா முதுகுல சுமக்கிற வழக்கம் ராஜா பிள்ளைக்கு மட்டும் நடந்த விசேஷம் இல்லை. ஸ்வீடனை விட்டு ரோமுக்குப் போய்ச்சேர்ந்த ஓலாஸ் மாக்னுஸ் என்ற பாதிரியார் 1555ல் வடநாட்டு மக்களைப் பத்தி ஒரு தடிமன் புத்தகம் அச்சிட்டார். அதுல ஒரு மரக்கட்டைப் படம். அப்பாவும் அம்மாவும் ஸ்கியில போறாங்க, முதுகுல பிள்ளைகள். ஞானஸ்நானத்துக்குக் கோயிலுக்குக் கொண்டுபோறாங்களாம்.

புல்க்கோட பூர்வீகம் வேற இடத்துல இருக்கு. வடக்கே சாமி மக்கள்கிட்ட. (நம்ம ஊர் சாமி இல்லை. இவங்க நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, ரஷ்யா நாலு நாட்டுலயும் வாழற ஆதிக்குடிகள்.) புல்க் என்ற சொல்லே சாமி, பின்னிஷ் மொழிகளிலிருந்து வந்ததுதான். அசல் புல்க் பாதியா வெட்டின தோணி மாதிரி இருக்கும், முன்னாடி கூர்மை, பின்னாடி தட்டை. கலைமான் இழுக்கும். படகு வடிவம் ஏன்னா, இறுகாத பனியில சட்டம் வச்ச சறுக்குவண்டி புதைஞ்சுடும், படகு மிதக்கும். கைக்குழந்தைக்குத் தனியா ஒரு தொட்டில். மரத்தைக் குடைஞ்சு தோல் போர்த்தி, தலைக்கு மேல ஒரு கூண்டு வளைவு வச்சது. கொம்சேன்னு பேர். அதைக் கலைமான் பக்கவாட்டுல தொங்கவிடலாம், அம்மா முதுகுலயும் மாட்டிக்கலாம்.

பின்லாந்துல இதே படகுக்கு ஆக்கியோன்னு பேர். 1939–40 குளிர்காலப் போர்ல, 105 நாள் சோவியத் படையோட மோதினப்போ, காயம்பட்டவங்களை ஆக்கியோவுல படுக்க வச்சு ஸ்கி வீரர்கள் இழுத்தாங்க. படுத்திருக்கிற ஆள், தரையை ஒட்டின பாரம், குலுக்கல் கம்மி. நார்வேயில மலைமேல அடிபட்டவங்களை இறக்கற மீட்புக் குழுக்களும் இதையேதான் பயன்படுத்தினாங்க. மரத்துக்குப் பதிலா கண்ணாடியிழை வந்ததும் எடை குறைஞ்சது. காயம்பட்டவன் படுத்த இடத்துல பிள்ளையை உட்கார வச்சுட்டா குடும்ப வண்டி.

மனசை உறுத்தற ஒண்ணையும் சொல்லிடறேன். சாமிகளோட வண்டியை நார்வே சந்தோஷமா எடுத்துக்கிச்சு, சொல்லையும் எடுத்துக்கிச்சு. ஆனா அதே சாமிப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துல தாய்மொழி பேசக் கூடாதுன்னு பல தலைமுறைக்கு அமுக்கி வச்சது. 1898ல் போட்ட உத்தரவு ஒண்ணு பள்ளியில நார்வேஜிய மொழிதான்னு இறுக்கிப் பிடிச்சது. 1997ல் ராஜா ஹாரால்ட் சாமி நாடாளுமன்றத்துல மன்னிப்புக் கேட்டார். நாட்டு நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டது 2024 நவம்பர்ல. கடையில தொங்கற விலைச்சீட்டுல இதெல்லாம் எழுதியிருக்காது.

சரி, கடைக்கு வருவோம். இன்னிக்கு விக்கிற புல்க்ல முக்கியமான சமாச்சாரம் கயிறு இல்லை, ரெண்டு விறைப்பான கம்பு. இடுப்புப் பட்டையில மாட்டிக்கணும். கயிறு கட்டி இழுத்தா ஏத்தத்துல பரவாயில்லை, இறக்கத்துல வண்டி நம்ம குதிகாலை வந்து இடிக்கும். கம்பு இருந்தா நாம நின்னா அதுவும் நிக்கும். முன்னாடி காத்துத் தடுப்பு கட்டாயம், நம்ம ஸ்கி கிளப்பற பனித்தூள் நேரா பிள்ளை முகத்துக்குத்தான் போகும். கம்பளி உடுப்பு, அடியில ஆட்டுத்தோல். நமக்கு வேர்த்துக் கொட்டும்போது அசையாம உட்கார்ந்திருக்கிற பிள்ளை குளிர்ல விறைச்சுக்கிட்டிருக்கும், அதனால நடுநடுவுல நின்னு பிடரியில கை வச்சுப் பார்க்கணும்.

தங்கமணி கட்சி சக்கர வண்டி. கனடாவின் கால்கரியில ஆரம்பிச்ச சாரியட் கம்பெனி பிரபலப்படுத்தினது, 2011ல் ஸ்வீடனோட தூலே வாங்கிடுச்சு. வெயில்காலத்துல சைக்கிளுக்குப் பின்னாடி, குளிர்காலத்துல சக்கரத்துக்குப் பதிலா ஸ்கி. ஒரே காசு, ரெண்டு வேலை. அவங்க வாதத்துல நியாயம் இருக்கு. சமன்படுத்தின தடத்துல அருமையா ஓடும். ஆனா உயரம் ஜாஸ்தி, சரிவுல கவுந்துடுமோன்னு பயம், தடம் இல்லாத பனியில சட்டம் வச்ச வண்டி கதைதான்.

என் ஓட்டு புல்க்குக்கு. முதல்ல வாடகைக்கு எடுத்துப் பார்க்கறதா உடன்படிக்கை. வர்ற ஞாயித்துக்கிழமை ஒண்ணாம் நம்பர் மெட்ரோவுல ஃப்ரோங்னர்சேத்தரன் வரைக்கும் ஏத்திட்டுப் போய், அங்கேருந்து காட்டுக்குள்ள ரெண்டு கிலோமீட்டர், அவ்வளவுதான். சக்கர வண்டி வச்சு இழுத்த மக்கள் யாராச்சும் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. தங்கமணியும் படிப்பாங்க, பார்த்து எழுதுங்க.