ஒரே எலும்புச் சட்டம்

1555இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் பியர் பெலோன் மனித எலும்புக்கூட்டையும் பறவையின் எலும்புக்கூட்டையும் பக்கம் பக்கமாக அச்சிட்டு, ஒத்த எலும்புகளை எழுத்துகளால் குறித்துக் காட்டினார். காரணம் தேடவில்லை.

1849இல் லண்டனின் ரிச்சர்ட் ஓவன் கைகால்களைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். மேலே ஓர் எலும்பு, அடுத்து இரண்டு, பிறகு மணிக்கட்டின் சிறு எலும்புகள், கடைசியில் விரல்கள். மண் தோண்டும் அகழெலியின் காலிலும், கடற்பசுவின் துடுப்பிலும் இதே வரிசைதான். வௌவாலின் நான்கு விரல்கள் குடைக்கம்பிபோல் நீண்டு சிறகுத்தோலைத் தாங்குகின்றன. குதிரை ஒற்றை விரல்நுனியில் நிற்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரு மூல மாதிரி உண்டு என்றார் ஓவன். அது விளக்கம் என்பதைவிட வியப்புக்கு இட்ட பெயர்.

1859இல் டார்வின் அந்த மாதிரியின் இடத்தில் ஒரு மூதாதையை வைத்தார். ஓவனின் நூலையே துணைக்கு அழைத்தார். ஓவனோ இயற்கைத் தேர்வுக் கொள்கையைக் கடுமையாக எதிர்த்தார்.

அப்படியொரு மூதாதையின் சாயலை ஒரு புதைபடிவத்தில் காணலாம். 2004இல் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் கிடைத்த டிக்டாலிக், சுமார் 37.5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மீன். அதன் துடுப்புக்குள் மேற்கை எலும்பும் முன்கை எலும்புகளும் மணிக்கட்டை ஒத்த பகுதியும் உள்ளன, விரல்கள் இல்லை.