பித்தநாள அடைப்பு: கர்ப்பகாலச் சூழல் காரணிகள்

ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தம் கொண்டுசெல்லும் நாளங்கள் சிசுப் பருவத்தில் தழும்பேறி அடைபடும் நோய். இரட்டையரில் பெரும்பாலும் ஒருவரையே தாக்குவதால் மரபு மட்டும் காரணமன்று. சைட்டோமெகலோ வைரஸ் தொற்றும், கருவுறுமுன்பே தாய்க்கிருந்த நீரிழிவும் ஐயத்துக்குரியவை. ஆஸ்திரேலியாவில் 1964, 1988, 2007 வறட்சிகளில், வற்றிய நீர்த்தேக்கப் படுகையின் களைச்செடியை மேய்ந்த சினையாடுகள் இந்நோயுள்ள குட்டிகளை ஈன்றன. அச்செடியின் நச்சான பிலியாட்ரசோன் 2015இல் இனங்காணப்பட்டது. மனிதரில் இத்தொடர்பு நிறுவப்படவில்லை.

இலங்கையில் கலஹா போன்ற கண்டி மாவட்டத் தேயிலைத் தோட்டங்களில், கொழுந்து பறிக்கும் கர்ப்பிணிகள் களைநாசினி தெளிக்கும் மலைகளைத் தவிர்ப்பது இந்நோய்க்கென்று இல்லாத, பொதுவான முன்னெச்சரிக்கையே. குழந்தை பிறந்து இரு வாரம் கடந்தும் மஞ்சள் நிறம் நீடித்து மலம் வெளிறினால் உடனடிப் பரிசோதனை தேவை: பித்தம் வடிய ஈரலைக் குடலுடன் இணைக்கும் கசாய் சத்திரசிகிச்சை 60 நாட்களுக்குள் செய்யப்பட்டால் பலன் கூடும்.