துணித்திரையின் மறுபக்கம்: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத் திருவிழாப் படக்காட்சி

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேருக்குக் காலையில் வடம் பிடிக்கிறார்கள். திருவிழாவில் படம் போட்டதோ இருட்டிய பிறகுதான். ஊரின் தலையாய நிகழ்ச்சியும் ஊரார் பார்த்த திரையும் நெடுங்காலம் ஒன்றையொன்று சந்திக்காமலே இருந்ததற்கு இதுவே காரணம். படக்கருவியின் வரலாற்றை எழுதுவோர் கொட்டகை, நடிகர், வசூல் என்று சினிமாவின் பின்னால் போய்விடுகிறார்கள். வீதியில் திரை கட்டிய ஆபரேட்டரின் இடத்தில் நின்று பார்த்தால், விளக்கு எரிவதற்கு மின்சாரம் எங்கிருந்து வந்தது என்பதே காட்சியின் நேரத்தையும் இடத்தையும் தீர்மானித்திருக்கிறது என்பது என் கருத்து.

ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியையும் சில படச்சுருள்களையும் வாங்கிக்கொண்டு, கூடாரத்தோடு ஊர் ஊராகக் கிளம்பினார். 1914-இல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். அவருக்குப் பின் வந்த டூரிங் டாக்கீஸ்காரர்கள் கரண்ட் இல்லாத ஊர்களுக்கு ஆயில் எஞ்சினையும் கூடவே கொண்டுபோக வேண்டியிருந்தது. 1944-இல் பாபநாசம் நீர்மின் திட்டம் தென்மாவட்டங்களுக்கு மின்சாரம் தரத் தொடங்கியது. 1936-இல் உருவான ராஜபாளையம் மில்ஸைப் பற்றிப் பேசும்போது மின்சாரத்தைக் குறிப்பிடாதவர் இல்லை. படக்காட்சிக்கு அது என்ன செய்தது என்றுதான் யாரும் கேட்பதில்லை.

மின்சாரம் வந்ததும் வேலை எளிதாகிவிடவில்லை. கார்பன் விளக்குக்கு நேர்மின்சாரம் வேண்டும். கம்பியில் வருவது மாறுமின்சாரம். எனவே நடுவில் ரெக்டிபயர் வைத்தார்கள். இரண்டு கார்பன் குச்சிகள் முனையோடு முனை பார்த்து எரியும். நேர்முனைக் குச்சி சீக்கிரம் கரைவதால், ஆபரேட்டர் கருப்புக் கண்ணாடி வழியே பார்த்துக் குச்சியைத் தள்ளிக்கொண்டே இருப்பார். கொஞ்சம் அசந்தால் திரை மஞ்சளித்துவிடும். அவருக்கு முன்பே தரை டிக்கெட் விசிலடித்துச் சொல்லிவிடும். 35 மி.மீ. படம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 1000 அடிச் சுருள் பதினோரு நிமிடம்தான் வரும். நிலையான தியேட்டரில் இரண்டு புரொஜெக்டர்கள் மாறி மாறி ஓடின. டெண்டுக் கொட்டகையில் ஒன்றுதான் என்பதால் சுருள் மாற்றும்போதெல்லாம் இடைவேளை, முறுக்குக்காரருக்குக் கொண்டாட்டம்.

அந்தக் கருவியை அப்படியே கோயில் வாசலுக்குத் தூக்கி வந்திருக்க முடியாது. பழைய 35 மி.மீ. சுருள் நைட்ரேட்டால் ஆனது. பற்றிக்கொண்டால் தண்ணீருக்கும் அடங்காது. 1918-இன் சினிமாச் சட்டமும் 1955-இன் சென்னை சினிமா ஒழுங்குமுறைச் சட்டமும் காட்சி நடத்த உரிமம் கேட்டதில் இந்தத் தீப்பயத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வீதிக்கு வழிவிட்டது 1923-இல் கோடாக் கொண்டுவந்த 16 மி.மீ. படம். அது முதலிலிருந்தே எளிதில் தீப்பற்றாத சுருள். பெட்டியும் ஒரு கையில் தூக்கும் அளவுதான். அரசின் விளம்பர வேன்கள் அதை வைத்துத்தான் கிராமங்களில் செய்திப்படம் காட்டின.

வீதித் திரை என்றால் இரண்டு மூங்கில், நடுவே வேட்டித் துணி. ஒளி துணியை ஊடுருவுவதால் பின்னாலும் ஒரு கூட்டம் உட்கார்ந்துவிடும். அவர்களுக்கு எழுத்தெல்லாம் தலைகீழ் அல்ல, இடவலம் மாறி வரும். கதாநாயகன் இடக்கையால் கத்தி சுழற்றுவான். இப்படி இருபுறமும் பார்ப்பதை ஏழைகளின் சமாளிப்பு என்று எண்ண வேண்டாம். 1900-இல் பாரிஸ் பொருட்காட்சியில் லூமியேர் சகோதரர்கள் 21 மீட்டர் அகலத் திரையை நீரில் நனைத்து இரு பக்கமும் படம் தெரியச் செய்தார்கள். நம் வீதிக்கு நனைக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. துணி அத்தனை மெலிசு. இருபுறமும் இடம் கிடைத்ததால் யார் முன்னால் உட்காருவது என்ற சண்டையும் கொஞ்சம் குறைந்திருக்கும் என்பது என் ஊகம்.

துணிக்குப் பகை காற்று. பங்குனியில் நடக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய மாரியம்மன் கோயில் பூக்குழித் திருவிழாவின் இரவில் திரை அடங்கி நிற்கும். ஆடியில் மலைப்பக்கமிருந்து வீசும் காற்றுக்கு அது பாய்மரத்துப் பாயாகிவிடும். திரை முன்னும் பின்னும் போனால் போகஸ் நிற்காது.

1982-க்குப் பிறகு கலர் டிவியும் டெக்கும் வாடகைக்கு வந்தன. விடிய விடிய மூன்று படம் ஓடியது; பார்க்க முடிந்தது முன்வரிசைக்கு மட்டும். சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று குழாய் கொண்ட வீடியோ புரொஜெக்டரில் மூன்று நிறமும் ஒரே இடத்தில் விழும்படி சரிசெய்யவே வெகுநேரம் பிடிக்கும். யாராவது மேசையை இடித்தால் மீண்டும் முதலிலிருந்து. பிறகு வந்த எல்.சி.டி., டி.எல்.பி. கருவிகள் அந்தத் தொல்லையைத் தீர்த்தன, வெயிலைத் தீர்க்கவில்லை. புரொஜெக்டரால் கருப்பைத் திரையில் வீச முடியாது. ஒளி விழாத இடம்தான் கருப்பு. பகலில் அந்த இடத்திலும் வெயில் விழுகிறது.

எல்.இ.டி. வால் தானே ஒளிர்வது. வெட்டவெளிக்கான பலகை சுமார் 5000 நிட்ஸ் வெளிச்சம் தரும். பகலில் ஓடும் தேரைப் பகலிலேயே வீதியோரத் திரையில் காட்டலாம் என்ற நிலை அதனால்தான் வந்தது. பலகைகளைக் கோத்து இரும்புச் சட்டத்தில் ஏற்றிக் கம்பிக் கயிற்றால் இழுத்துக் கட்டுகிறார்கள். பி-4 பலகை என்றால் புள்ளிகளுக்கிடையே 4 மி.மீ. இடைவெளி; நாலு மீட்டராவது தள்ளி நின்றால்தான் படம் படமாகத் தெரியும். பின்பக்கத்தில் வயரும் விசிறியும்தான். அங்கே யாரும் பாய் விரிப்பதில்லை.

தேரோட்டத்தன்று இன்னொரு சிக்கல். தேர் உயரம் கருதி ரத வீதிகளில் கரண்டை நிறுத்திவிடுவது வழக்கம். ஆகவே எல்.இ.டி. திரைக்கென்று தனி ஜெனரேட்டர் வண்டியை ஒரு சந்துக்குள் நிறுத்தி, தேர் நிலைக்கு வரும்வரை ஓட்டுகிறார்கள். டீசல் அளவைப் பார்த்துக்கொள்வதும் ஆபரேட்டர் வேலைதான்.