சளி பிடித்த பிள்ளைக்கு மூக்கில் ரத்தமா? அண்ணாந்து பார்க்கச் சொல்லாதீங்க

நள்ளிரவு 2 மணி. இரண்டு நாளாகச் சளியுடன் இருக்கும் பிள்ளை அழுதுகொண்டே எழுகிறது. விளக்கைப் போட்டால் தலையணை உறை, சட்டை, கை... எங்கும் ரத்தம்.

பதற்றம் வரத்தான் செய்யும். ஆனால் சளி பிடித்த சிறு பிள்ளைகளுக்கு மூக்கில் ரத்தம் வருவது அரிதான விஷயம் இல்லை. பெரும்பாலும் வீட்டிலேயே நின்றுவிடும், சரியாகச் செய்தால்.

ரத்தம் எங்கிருந்து வருகிறது?

இரண்டு மூக்குத் துவாரங்களுக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறது அல்லவா? அதன் முன்பகுதியில், விரல் எட்டும் இடத்திலேயே, மெல்லிய ரத்தக்குழாய்கள் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. அவற்றை மூடியிருக்கும் தோலும் மிக மெல்லியது. பிள்ளைகளின் மூக்கிலிருந்து வரும் ரத்தம் பெரும்பாலும் இந்த இடத்திலிருந்துதான்.

சளி பிடித்தால் அந்த ரத்தக்குழாய்கள் வீங்கி விரிகின்றன. பிள்ளை மூக்கை ஓயாமல் சிந்துகிறது, தேய்க்கிறது. இரவு முழுக்க ஏர்கான் ஓடும் அறையில் காற்று வறண்டுபோக, மூக்கினுள் சளி காய்ந்து பொருக்காகிறது. பொருக்கு அரிக்கும். அரித்தால் விரல் உள்ளே போகும். அவ்வளவுதான்!

ஒருமுறை ரத்தம் வந்தால் அடுத்த சில நாள்களில் மறுபடியும் வருவதற்கும் இதுதான் காரணம். புண் ஆறும்போது உருவாகும் பொருக்கைப் பிள்ளை தூக்கத்தில் பிய்த்துவிடுகிறது.

"உடம்புச் சூடு, அதான் சில்லுமூக்கு உடைஞ்சிருச்சு" என்று பாட்டி சொல்லலாம். தலையில் குளிர்ந்த நீர் ஊற்றச் சொல்லலாம். பாட்டியிடம் சண்டை போட வேண்டாம். ஆனால் கோளாறு தலையில் இல்லை, மூக்கின் நுனிக்கு அருகில் இருக்கிறது. அங்கே அழுத்தினால்தான் ரத்தம் நிற்கும்.

10 நிமிடம்: கையை எடுக்காதீங்க

பிள்ளையை மடியில் நிமிர்த்தி உட்கார வையுங்கள். தலை சற்று முன்னால் குனிந்திருக்கட்டும். மூக்கின் மேற்பகுதியில் இருக்கும் கெட்டியான எலும்பை விட்டுவிட்டு, அதற்குக் கீழே உள்ள மென்மையான பகுதியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் சேர்த்துப் பிடியுங்கள். பிள்ளை வாயால் மூச்சு விடட்டும். வாய்க்குள் ரத்தம் வந்தால் துப்பச் சொல்லுங்கள்.

கடிகாரத்தைப் பார்த்து முழுதாக 10 நிமிடம். பலர் தவறுவது இங்கேதான். நிமிடத்துக்கு ஒருமுறை "நின்னுடுச்சா?" என்று கையை எடுத்துப் பார்த்தால், அப்போதுதான் உறையத் தொடங்கிய ரத்தம் மீண்டும் கசியும். பிள்ளை அடம்பிடித்தால் கைத்தொலைபேசியில் கார்ட்டூன் போடுங்கள். திரை நேரத்தைப் பற்றி நாளைக்குக் கவலைப்படலாம்.

அண்ணாந்து பார்க்க வைத்தால் ரத்தம் நிற்பதில்லை. தொண்டை வழியாக உள்ளே இறங்குகிறது. வயிற்றில் ரத்தம் சேர்ந்தால் குமட்டும். பிள்ளை ரத்தமாக வாந்தி எடுக்கும்போது நிலைமை உண்மையில் இருப்பதைவிடப் பயங்கரமாகத் தெரியும். மூக்குக்குள் டிஷ்யூவைத் திணிப்பதும் வேண்டாம். வெளியே இழுக்கும்போது பொருக்கும் சேர்ந்து வந்துவிடும்.

ரத்தம் நின்ற பிறகு அன்றைய பொழுது மூக்கைச் சிந்தாமல், குடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சூடான மைலோவும் அன்றைக்கு வேண்டாம், ஆறவைத்துக் கொடுங்கள்.

மீண்டும் வராமல் இருக்க

மூக்கின் உட்பகுதி ஈரமாக இருக்க வேண்டும். உப்புநீர்ச் சொட்டு மருந்து உதவும். மூக்குத் துவாரத்தின் ஓரத்தில் பெட்ரோலியம் ஜெல்லியை மெலிதாகத் தடவலாம். கைக்குழந்தை என்றால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பிள்ளையின் நகங்களை வெட்டிவிடுங்கள். ஏர்கான் காற்று நேராக முகத்தில் படாமல் கட்டிலைத் திருப்பிப் போடுங்கள்.

மூக்கு ஒவ்வாமைக்கு ஸ்ப்ரே பயன்படுத்தும் பிள்ளையா? அதன் முனை நடுச்சுவரை நோக்கி இருந்தால் அதுவே புண்ணாக்கும். முனையைக் கண் பக்கமாக, வெளிப்புறம் சாய்த்து அடியுங்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

10 நிமிடம் பிடித்தும் நிற்கவில்லையா? இன்னொரு 10 நிமிடம் பிடியுங்கள். அப்போதும் நிற்காவிட்டால் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். ரத்தம் கொட்டுகிறது, பிள்ளை வெளிறிப்போய்ச் சோர்ந்து விழுகிறது, மூச்சுவிடச் சிரமப்படுகிறது என்றால் காத்திருக்காமல் 995-ஐ அழையுங்கள். தலையில் அடிபட்டபின் ரத்தம் வந்தாலும் மருத்துவமனைதான்.

2 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு மூக்கில் ரத்தம் வருவது வழக்கமானதல்ல. கொஞ்சம்தான் வந்தது என்றாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். காரணமில்லாமல் உடலில் கன்றிய தடங்கள், பல் ஈறில் ரத்தம், வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப வருவது, குடும்பத்தில் ரத்தம் உறையாத கோளாறு - இவற்றையும் சொல்ல மறக்காதீர்கள்.

ஒரே பக்கம் மட்டும் ரத்தமும் நாற்றமடிக்கும் சளியும் வந்தால், மூக்குக்குள் பாசிமணியோ அழிப்பான் துண்டோ மாட்டியிருக்கலாம். பொத்தான் பேட்டரியாக இருக்கும் என்று சந்தேகம் வந்தால் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். சில மணி நேரத்திலேயே அது மூக்கின் தசையை அரித்துவிடும். நீங்களே எடுக்க முயலாதீர்கள். சொட்டு மருந்தும் விடாதீர்கள்.

சிங்கப்பூரில் இருப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: டெங்கி. கடும் காய்ச்சலோடு மூக்கில் ரத்தம் வந்தால் "சளிதானே" என்று விட்டுவிடாதீர்கள். டெங்கி இல்லை என்று மருத்துவர் உறுதிசெய்யும் வரை ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் இரண்டையும் கொடுக்காதீர்கள். அவை ரத்தக் கசிவை மோசமாக்கலாம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும், அதுவும் பிள்ளையின் எடைக்கு ஏற்ற அளவில்.

பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டி, பணிப்பெண், பாலர் பள்ளி ஆசிரியர் ஆகியோரிடமும் எங்கே பிடிப்பது என்று ஒருமுறை உங்கள் மூக்கிலேயே செய்து காட்டிவிடுங்கள்.